பதினான்காம் ரீல்

‘விளக்கணைத்தது யார்?’ என்ற படத்துக்கு நான் எழுதிய விமர்சனத்தில் நான்கு நிறைகளும் மூன்று குறைகளும் இருந்தன. எழுத்து நன்றாகத்தான் வந்திருந்தது. நான் அந்தப் படத்துக்குப் போகவில்லை என்பது ஒன்றுதான் அதிலிருந்த கோளாறு.

எண்பத்தாறாம் ஆண்டு அது. நான் கனகரத்தினம், திருகோணமலைத் துறைமுகக் களஞ்சியத்தில் கிளாக்கர். அது சோற்றுக்கு. மற்றப்படி ஊரில் என்னை ‘விமர்சகர்’ என்பார்கள், பாதிப் பேர் மரியாதையாகவும் மீதிப் பேர் நக்கலாகவும். கொழும்பிலிருந்து ஞாயிறுதோறும் வரும் ‘கீழ்த்திசை’ பத்திரிகையில் ‘நிறையும் குறையும்’ என்ற பத்தியைப் பதினாறு வருடமாக எழுதி வந்தேன். நாட்டில் பிரச்சினை தொடங்கியபின் புதுப் படங்கள் இந்தப் பக்கம் வருவது நின்றுவிட்டது. விநியோகஸ்தர்கள் பழைய பெட்டிகளைத் தூசி தட்டி அனுப்பினார்கள். சனமும் போய்ப் பார்த்தது. வேறு என்ன செய்வது?

அந்தச் சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் கலாபவன் தியேட்டருக்குப் போவதாகத்தான் இருந்தேன். ஆனால் பாலையூற்றில் இருக்கும் என் வீட்டிலிருந்து துறைமுகத்துக்கு வரும் வழியில் மூன்று சோதனைச் சாவடிகள். ஒவ்வொன்றிலும் சைக்கிளை விட்டு இறங்கி, அடையாள அட்டையை நீட்டி, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து காட்டி, கொஞ்சத் தூரம் உருட்டிக்கொண்டு நடந்து, பிறகு ஏறவேண்டும். நான்தான் நான் என்று ஒரு மனுசன் ஒரு நாளைக்கு எத்தனை தரம் நிரூபிப்பது? அன்று காலை இரண்டாம் சாவடியில் நின்றவன், மீசைகூடச் சரியாக முளைக்காதவன், என் பெட்டியிலிருந்த புட்டைத் துவக்கு முனையால் கிளறிப் பார்த்தான். மத்தியானம் நேரே வீட்டுக்கு வந்து சாய்மனைக் கதிரையில் விழுந்தேன். எழும்ப மனம் வரவில்லை. களைப்பு உடம்பில் இருந்தால் படுத்தெழும்பினால் போய்விடும். எனக்கு அது வேறெங்கோ இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினேன். அறுபத்தேழில், இதே கலாபவனில், மூன்று தரம் பார்த்த படம். ஒரு தோட்ட முதலாளியின் பிறந்தநாள் விருந்தில் விளக்குகள் அணைகின்றன, திரும்ப எரியும்போது முதலாளி செத்துக் கிடக்கிறார். மருமகன், டிரைவர், குடும்ப டாக்டர் என்று மூன்று பேர்மேல் சந்தேகம். கடைசியில் டாக்டர் எல்லோர் முன்னிலையிலும் இடக்கைக் கையுறையைக் கழற்றித் தழும்பைக் காட்டி, நான்தான் கொன்றேன் என்கிறார்.

நிழலை வைத்தே பயமுறுத்தியது நிறை என்று எழுதினேன். பின்பாதியில் பாட்டே இல்லாதது, முதலாளியின் சுவர்க்கடிகாரம் நின்றுபோவது, டிரைவராக வந்தவரின் நடிப்பு ஆகியவையும் நிறைகள். நகைச்சுவை என்ற பெயரில் ஒரு சோடி வந்து உயிரை வாங்குவது குறை. பொலிஸ் எப்போதும் எல்லாம் முடிந்தபின் வருவதும் குறை. மூன்றாவது குறையைக் கொஞ்சம் காரமாகவே எழுதினேன்: ‘யாரும் பிடிக்காதபோது ஒருவன் தானாக எழுந்து தன் குற்றத்தைத் தன் வாயாலேயே சொல்லுவான் என்பதை எப்படி நம்புவது?’

அதோடு விட்டிருந்தால் பிழையில்லை. போகாதவன் போனவனைவிடக் கூடுதலாக எழுதுவான். ‘கடந்த சனிக்கிழமை மத்தியான மற்றினிக் காட்சியில் கலாபவன் நிறைந்து வழிந்தது. டாக்டர் கையுறையைக் கழற்றும் கட்டத்தில் எழுந்த கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் பிடித்தது’ என்று ஒரு தொடக்கத்தையும் வைத்துத் தபாலில் போட்டேன். அடுத்த ஞாயிறு அச்சில் வந்தது. இரண்டு தரம் வாசித்துப் பார்த்துச் சந்தோசப்பட்டேன்.

புதன்கிழமை பின்னேரம் வேலை முடிந்து வந்தபோது வீட்டு விறாந்தையில் ஒரு பெண் இருந்தாள். முப்பது வயதிருக்கும். என் மனைவி கமலாதேவி கொடுத்த தேத்தண்ணி அவள் கையில் குடிக்காமலே ஆறியிருந்தது. என்னைக் கண்டதும் எழும்பினாள்.

“ஐயா, நான் பூரணி. உப்புவெளி. என்ர மனுசன் தவராசா, கடல் தொழில். அவரைப் பிடிச்சுக்கொண்டு போய் இண்டைக்குப் பதினொரு நாள்.”

நான் படம் பார்க்காமல் கதிரையில் கிடந்த அந்தச் சனிக்கிழமை நாலு மணிக்கு, குச்சவெளி வீதியில் கண்ணிவெடி வெடித்து ஒரு இராணுவ ட்ரக் கவிழ்ந்திருந்தது. மறுநாள் விடிய இராணுவமும் பொலிசும் உப்புவெளியைச் சுற்றி வளைத்து ஒன்பது பேரைத் துறைமுகத்தடி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். ஒவ்வொருவராக யாராவது பொறுப்பேற்று எட்டுப் பேர் வெளியே வந்துவிட்டார்கள். தவராசா மட்டும் உள்ளே நின்றான்.

“இவர் அண்டைக்குப் படத்துக்குப் போனவர் ஐயா. தனியத்தான் போனவர். டிக்கெட் துண்டை எங்கயோ எறிஞ்சிட்டார். அந்த நேரம் நான் தியேட்டருக்குள்ள எண்டு சொன்னா ஒருத்தரும் நம்பினமில்லை. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டில பேப்பரைக் கண்டனான். அதே சனிக்கிழமை, அதே மற்றினி, அதே படம். எனக்குக் கடவுளைக் கண்டமாதிரி இருந்தது. வெட்டி எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை காலமை முகாமில குடுத்தனான்.”

அவள் அதைச் சொன்ன விதத்தில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை.

“அங்க தமிழ் தெரிஞ்ச பொலிஸ்காரன் ஒருத்தன் முழுக்க வாசிச்சு இன்ஸ்பெக்டருக்குச் சொன்னவனாம். உடன இவரைக் கூப்பிட்டு, படத்தில முதலாளியைக் கொலை செய்தது ஆர் எண்டு கேட்டவையாம். இவர் டிரைவர் எண்டு சொல்லிப்போட்டார். பேப்பரில டாக்டர் எண்டு கிடக்கு. ஊர்ப் பெரிய மனுசர் எழுதியிருக்கிறார், நீ பொய் சொல்லுறாய் எண்டு முடிவு கட்டிட்டினம். நாளண்டைக்கு வெள்ளிக்கிழமை கப்பலில தெற்கே தடுப்பு முகாமுக்கு அனுப்பப் போகினமாம். அங்க போனாத் திரும்பி வருகிறது எப்ப எண்டு ஆருக்கும் தெரியாது.”

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“நீங்கள் வந்து ஒரு சொல்லுச் சொன்னாக் காணும் ஐயா. அண்டைக்கு இவர் உங்களுக்குக் கிட்ட இருந்தவர், நீங்கள் கண்டனீங்கள் எண்டு.”

கமலாதேவி குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். இருபத்தெட்டு வருடம் என்னோடு வாழ்ந்தவளின் பார்வை அது. அதற்கு முன்னால் நின்று பொய் சொல்லுவது லேசில்லை. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

“இவர் அண்டைக்குப் போகேல்ல பிள்ளை,” என்றாள் கமலாதேவி. “இந்தக் கதிரையிலதான் கிடந்தவர். நான் தேத்தண்ணிக்கு எழுப்பினனான்.”

பூரணி கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கதிரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“அப்ப பேப்பரில எழுதினது?”

“முந்திப் பாத்த படம் பிள்ளை. நினைவில எழுதினனான்.”

“அப்ப கொண்டது டாக்டர்தானோ?”

“ஓம்.”

“பிறகேன் இவர் டிரைவர் எண்டு சொன்னவர்?”

உண்மையைச் சொன்னால், அந்த நேரம் எனக்கும் தவராசாமேல் ஒரு சந்தேகம் வந்தது. படம் பார்த்த எவனும் டிரைவரைச் சொல்லமாட்டான். டாக்டர் சுட்ட குண்டைத் தன் நெஞ்சில் வாங்கிச் சாகிறவன் அந்த டிரைவர். அறுபத்தேழில் நான் அந்த இடத்தில் அழுதிருக்கிறேன்.

மறுநாள் வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுக் கலாபவனுக்குப் போனேன். ஒப்பரேட்டர் ஸெய்னுதீன் நானா படம் ஓட்டும் மெசின் அறையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏதோ சில்லுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். முப்பது வருடமாக அந்த அறைக்குள்ளேயே இருந்து வெந்தவர். விசயத்தைச் சொன்னேன். அவர் எண்ணெய்க் குப்பியை மூடிவைத்தார்.

“கிளாக்கர், நீங்க இந்த வருசம் நம்மட தியேட்டருக்கு எத்தின தரம் வந்திருக்கிறீங்க?”

“ஒருக்காவும் வரேல்ல நானா.”

“வந்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். ஆறு மணிக்கு ஊரடங்கு. உப்புவெளி, குச்சவெளிப் பக்கம் கடைசி பஸ் அஞ்சே காலுக்கு. ரெண்டரைக்குத் தொடங்கிற படத்த அஞ்சுக்குள்ள முடிக்காட்டிச் சனம் வராது. பதினஞ்சு ரீல் படம் எப்பிடி முடியும்? ரெண்டு பாட்டு ரீலை விட்டுருவன். இந்தப் படத்தில பதினாலையும் விட்டன்.”

“பதினாலா? அதிலதானே நானா கொலைகாரனே வாறான்!”

“வாறான்தான். ஆனா மட்டக்களப்பில இருந்து பெட்டி வரக்குள்ளயே அந்த டின்னில சோக்கால எழுதியிருந்தது, பழுது, ஓட்டவேணாம் எண்டு. ஓட்டினா அறும். ஒட்டிப் போடப் பத்து நிமிசம். சனம் பஸ்ஸ விட்டுரும். அதனால பதிமூணுக்குப் பிறகு பதினஞ்சப் போட்டன். அதில கலியாணம், எல்லாரும் சிரிக்கிற, வணக்கம். ஒருத்தரும் கேள்வி கேக்கல்ல. பாதிச் சனம் அந்த நேரம் செருப்பத் தேடிக்கொண்டிருக்கும்.”

எனக்கு விளங்கியது. கலியாண வீட்டில் மருமகன் நிற்கிறான், டாக்டரின் மகள் மணப்பெண்ணாக நிற்கிறாள், அவளை ஆசீர்வதிக்கப் பொலிஸ் கொஞ்ச நேரம் விட்ட டாக்டரும் நிற்கிறார், வேலைக்காரக் கிழவிகூட நிற்கிறாள். டிரைவர் மட்டும் இல்லை. பதினான்காம் ரீலில் செத்துப்போனவன் எப்படி வருவான்? அந்த ரீலைக் காணாத சனம், டிரைவரைப் பொலிஸ் கொண்டுபோய்விட்டது என்று தாங்களாகவே கதையை முடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டது. படத்திலேயே நல்லவன் ஒருவன்தான். அவன் இந்த ஊரில் கொலைகாரன் ஆகிவிட்டான்.

“நானா, நீங்க ஒருக்கா என்னோட முகாமுக்கு வந்து இதைச் சொல்லவேணும்.”

“என்னால ஏலாது கிளாக்கர். எனக்கும் அஞ்சு பிள்ளையள். ரீல் விட்டது குத்தமில்ல, ஆனா அந்த வாசலுக்குள்ள போனா எல்லாம் குத்தம்தான்.” அவர் குனிந்து மேசைக்கடியிலிருந்து வட்டமான ஒரு தகர டின்னை இழுத்தார். மூடியைச் சுற்றி ஒட்டிய டேப் அப்படியே இருந்தது. மேலே வெள்ளைச் சோக்கில் ‘14 பழுது’ என்று எழுதியிருந்தது. “மட்டக்களப்பில ஒட்டின டேப்பு. இஞ்ச பிரிக்கவே இல்ல. இதக் கொண்டு போங்க. இதுதான் சாட்சி.”

பெரிய சாட்சி கிடைத்துவிட்டது என்று நானும் அதைச் சாக்குப் பைக்குள் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். ஐம்பத்துமூன்று வயது, பதினாறு வருட விமர்சனம், துப்பறியும் படங்கள் எத்தனை பார்த்தேன் என்று கணக்கில்லை. வட்டமான பாரமான ஒரு தகர டின்னைப் பைக்குள் வைத்துக்கொண்டு முகாம் வாசலுக்குப் போகிறோமே என்று எனக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

முதல்நாள் சொல்லிவைத்தபடி பூரணி வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் காத்திருந்தாள். இரண்டு பேரும் காவலரணை நெருங்கினோம். காவலுக்கு நின்றவன் பையைத் திறக்கச் சொன்னான். திறந்தேன். அடுத்த கணம் அவன் கத்திய கத்தலில் பின்னால் நின்ற சனமெல்லாம் ஓடியது. நான்கு துவக்குகள் என் பக்கம் திரும்பின. டின்னைத் தூரத்தில் வைக்கச் சொல்லி, எங்கள் இருவரையும் மணலில் குப்புறப் படுக்கவைத்தார்கள். வெயில் முதுகைச் சுட்டது. பக்கத்தில் கிடந்த பூரணி, “என்ன ஐயா கொண்டுவந்தனீங்கள், என்ன ஐயா அது,” என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் என்னைத்தான் திறக்கச் சொன்னார்கள். நகத்தால் டேப்பைக் கிழித்தேன். மூடியைத் திருகியபோது வியர்வைக் கையில் சோக்கு எழுத்து அழிந்துபோனது. உள்ளே ஒன்றும் இல்லை என்று நம்புவதற்காகப் பிலிம் முழுவதையும் இழுத்து வெளியே போடச் சொன்னான். ஆயிரம் அடி. மணலில் கருப்பாகச் சுருண்டு சுருண்டு மலைபோல் குவிந்தது. பிரிக்காத டேப், மட்டக்களப்புக்காரன் எழுதிய எழுத்து, ஸெய்னுதீன் நானா சொன்ன சாட்சி எல்லாம் வாசலிலேயே முடிந்தன. மிஞ்சியது என் வாய் மட்டும்தான்.

இன்ஸ்பெக்டர் ஐம்பதை நெருங்கியவர், கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. அவரும் நன்றாக நித்திரை கொண்டு பலநாள் இருக்கும். தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டாலும் பேச்சுத் தடங்கலில்லாமல் வந்தது. பூரணி கொடுத்த பத்திரிகைத் துண்டு மேசையில் கிடந்தது.

“இது உங்கட பேர்தானே?”

“ஓம் சேர்.”

“சனிக்கிழமை மற்றினிக்குத் தியேட்டர் நிறைஞ்சு வழிஞ்சது. கைதட்டல் அடங்க ஒரு நிமிசம். நீங்கதானே எழுதினது?”

“ஓம் சேர். ஆனா நான் போகேல்ல.”

“விளங்கல்ல.”

“நான் அண்டைக்குப் படத்துக்குப் போகேல்ல சேர். எழுதினதெல்லாம் பொய்.”

நான் என் எழுத்தைப் பற்றி யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. பிறகு ஊரடங்கு, கடைசி பஸ், பதினான்காம் ரீல், டிரைவர் சாகிற இடம் எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“பேப்பரில பொய் எழுதின ஆள், இப்ப மட்டும் உண்மை சொல்றதெண்டு நான் எப்பிடி நம்புறது?”

“என்னை நம்பவேண்டாம் சேர். தவராசாவைக் கூப்பிட்டு, ஏன் டிரைவர் எண்டு சொன்னவர் எண்டு கேளுங்கோ. அதை இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டிருக்கமாட்டினம்.”

தவராசாவைக் கொண்டுவந்தார்கள். நெடிய மனுசன், சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தான். கேள்வியை இரண்டு தரம் கேட்கவேண்டியிருந்தது. இடக் காது கேட்கவில்லை.

“கலியாண வீட்டில டிரைவர் மட்டும் இல்ல சேர். மற்ற எல்லாரும் நிண்டவை. அதாலதான். படம் நடுவில ஒருக்காப் பாய்ஞ்சது. பின்னால இருந்தவங்கள் விசிலடிச்சவங்கள். நாங்கள் பஸ்ஸுக்கு எழும்பிட்டம். பஸ்ஸிலயும் எல்லாரும் டிரைவர் எண்டுதான் கதைச்சவை.”

இன்ஸ்பெக்டர் தமிழ் தெரிந்த பொலிஸ்காரனை வெளியே அனுப்பினார். அவன் மணலில் கிடந்த பிலிமை வெயிலுக்கு நேரே பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்துக்கொண்டு போனதை யன்னலால் கண்டேன். நல்ல நேரம் பிடித்தது. திரும்பி வந்து, ஒருவன் கையுறை கழற்றுகிறான், டிரைவர் தொப்பி போட்ட ஒருவன் சுடுபட்டு விழுகிறான் என்று சொன்னான்.

“பிழையாச் சொன்னபடியா இவன் படம் பாத்திருக்கிறான்,” என்றார் இன்ஸ்பெக்டர், தனக்குத்தானே சொல்லுவதுபோல. ஒரு தாளில் இருந்த தவராசாவின் பெயரைக் கோடிட்டு வெட்டினார். “பொண்டாட்டியோட போகலாம்.”

பூரணி என் கையைப் பிடித்து அழுதாள். நானும் அழும் நிலையில்தான் இருந்தேன். எழுந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

“நீங்க இருங்க,” என்றார் இன்ஸ்பெக்டர். பத்திரிகைத் துண்டை விரலால் தட்டினார். “சனிக்கிழமை தியேட்டரில இருந்ததா ஊருக்கெல்லாம் எழுதியிருக்கிறீங்க. இப்ப இல்லை எண்டு சொல்றீங்க. அப்ப நாலு மணிக்கு எங்க இருந்தது?”

“வீட்டில சேர். கதிரையில.”

“ஆர் கண்டது?”

“என்ர மனுசி.”

“மனுசிமார் எல்லாரும் அப்பிடித்தான் சொல்றது. வரச்சொல்லி அனுப்புறன். வெளியில வாங்கில இருங்க.”

வெளியே கிடந்த மர வாங்கில் போய் உட்கார்ந்தேன். பிலிமை அள்ளிக்கொண்டு வந்து என் காலடியில் போட்டுவிட்டுப் போனார்கள். வேறு வேலையில்லாமல் அதைச் சுற்றத் தொடங்கினேன். தவராசா வாசல் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து வைத்துவிட்டு என்னிடம் வந்தான்.

“ஐயா, இந்தப் பக்கத்தால சொல்லுங்கோ,” என்று வலக் காதைக் காட்டினான். “உண்மையா டாக்டரோ கொண்டவன்?”

“ஓம் தம்பி. டிரைவர் நல்லவன். காப்பாத்தப் போய்ச் செத்தவன்.”

“அப்பிடியோ,” என்றான். அவன் முகத்தில் ஒரு கவலை வந்துபோனது, அந்த டிரைவருக்காகத்தான் என்று நினைக்கிறேன். “திங்கட்கிழமை வரைக்கும் எனக்கு ஒருத்தரும் அடிக்கேல்ல ஐயா. அந்தப் பேப்பர் வந்தாப் பிறகுதான். டாக்டர் எண்டு சொல்லு, சொல்லு எண்டுதான் அடிச்சவங்கள்.”

“சொல்லியிருக்கலாமே தம்பி. சொல்லியிருந்தா விட்டிருப்பாங்கள்.”

“எப்பிடி ஐயா சொல்லுகிறது?” என்றான் அவன். கோபமே இல்லை, உண்மையாகவே விளங்காமல் கேட்டான். “நான் அதைக் காணேல்லையே.”

பூரணி அவன் தோளைத் தாங்கிக்கொண்டாள். அஞ்சே கால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இருவரும் போனார்கள். நான் தலையை நிமிர்த்தாமல் பிலிமைச் சுற்றிக்கொண்டிருந்தேன். பாலையூற்றிலிருந்து கமலாதேவி வந்துசேர மூன்று சாவடிகள் இருந்தன.